உப்புப் பார்த்தவள்

பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற ஒடியற் கூழுக்கு உப்பைக் கடைசியில்தான் போடவேண்டும். நண்டும் மீனும் கடலின் உப்பைத் தங்களோடு கொண்டுவருகின்றன. அவை அவிந்து அந்த உப்பை விடுவதற்குள் நாம் அவசரப்பட்டுப் போட்டுவிட்டால், பிறகு அந்தப் பானையை ஒருவராலும் காப்பாற்ற முடியாது. இதை என் முகநூல் பக்கத்தில் பலமுறை எழுதியிருக்கிறேன். கூடிப்போன உப்புக்கு உருளைக்கிழங்கை வெட்டிப் போடச் சொல்கிறவர்களை நம்பவேண்டாம் என்றும் எழுதியிருக்கிறேன்.

ஆறுதலாக, முதலிலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள், ஐயா. அதனால்தான் கூழிலிருந்து தொடங்கினேன்.

என் பெயர் வாகீசன். இணுவிலில் பிறந்து வளர்ந்தவன். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றேன். சமையல் எனக்குத் தொழில் இல்லை, விருப்பம். கோயிலைச் சுற்றி இருக்கிற எங்களுடையது போன்ற கிராமத்தில் ஓர் ஆண்பிள்ளை குசினிக்குள் நின்றால், வீட்டுக்காரிக்குச் சுகமில்லைப் போல என்றுதான் அயலில் கதைப்பார்கள். என்னைப் பற்றி அப்படிக் கதைத்துக் கதைத்துக் களைத்துப்போனார்கள். பலாப்பழத்துக்குக் கொடிகாமம் சந்தை, நண்டுக்குக் குருநகர், பனங்காய்ப் பணியாரத்துக்கு அச்சுவேலியில் ஒரு வீடு என்று ஸ்கூட்டரில் அலைவேன். சாப்பிடுவேன், வீட்டுக்கு வந்து அதைச் செய்து பார்ப்பேன், படம் எடுத்துப் போடுவேன். கொஞ்சக் காலத்தில் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருக்கிற எங்கள் ஆட்கள் ஊருக்கு வந்தால் என் வீட்டில் ஒருநேரம் சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும் என்று ஒரு வழக்கமே ஆகிவிட்டது. ஒரு சதமும் வாங்கியதில்லை. சாப்பிட்டு முடித்ததும் அவர்கள் ஒரு நிமிடம் பேசாமல் இருப்பார்கள். எனக்கு அது போதும்.

உதயகலா என் மனைவி. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுக்குச் சமைப்பதில் பெரிய பிரியம் கிடையாது. ஆனால் உப்புப் பார்க்கத் தெரியும். அகப்பையிலிருந்து ஒரு சொட்டை அவளுடைய இடது உள்ளங்கையில் விடுவேன். நக்கிவிட்டுக் கூரையைப் பார்ப்பாள். "புளி முந்துது" என்பாள். அல்லது "இன்னும் ஒரு கிள்ளு உப்பு" என்பாள். முகத்துக்காகப் பொய் சொல்லமாட்டாள். ஒருமுறை லண்டன்காரர் ஒருவர் என் இறால் குழம்பைத் தூக்கி வைத்துப் பேசிக்கொண்டிருக்க, பின்னால் நின்ற கலா, "அவருக்குப் பசியப்பா" என்று மட்டும் சொன்னாள். அவள் சொன்னதுதான் சரி. அன்றைக்குக் குழம்பில் வெந்தயம் கூடியிருந்தது.

உலகம் முழுக்க வந்த அந்தக் காய்ச்சல் எங்கள் வீட்டுக்கும் வந்தது. கலா இருமிவிட்டு எழுந்துவிட்டாள். எனக்கும் காய்ச்சல் விட்டது. அதோடு போன மணமும் ருசியும் மட்டும் திரும்பி வரவில்லை. ஊசிமிளகாயைக் கடித்துப் பார்த்தேன், தேனை நக்கிப் பார்த்தேன், வேப்பம்பூவை வறுத்துச் சாப்பிட்டுப் பார்த்தேன். சுடுகிறதா, குளிர்கிறதா, வழுக்குகிறதா, பல்லில் அரைபடுகிறதா என்பது தெரியும். வேறொன்றும் தெரியாது. சற்று முன் நீங்கள் தந்த தேத்தண்ணீரை நல்லாயிருக்கிறது என்றேன். அதில் சீனி இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது, ஐயா.

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. கலாவுக்கு மட்டும்தான் தெரியும்.

"சொன்னால் என்னப்பா? சனத்துக்கு விளங்கும்தானே" என்றாள்.

"வேண்டாம். பிறகு ஆர் வருவினம்?"

"சரி, அப்ப நான் பாத்துச் சொல்லுறன்" என்றாள்.

இதை நீங்கள் குறித்துக்கொள்ளவேண்டும். பார்த்துச் சொல்கிறேன் என்று வாக்குத் தந்தது அவள்தான். பிறகு நடந்ததெல்லாம் அந்த வாக்கை வைத்துத்தான் நடந்தது. அதன்பின் சில வருடங்கள் எங்கள் குசினி முன்பைவிட நன்றாகவே ஓடியது. என் சமையலில் ஒரு நிதானம் வந்திருப்பதாக ஆட்கள் எழுதினார்கள். அது கலாவின் நிதானம். எங்கள் இருவருக்குமாகச் சேர்த்து நானே நன்றி எழுதினேன்.

இந்த வருடம் மாசியில் அவள் கிணற்றடியில் விழுந்தாள். பாரிசவாதம். வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது அங்கே அவளைப் பார்த்த இளம் டொக்டர் பிள்ளை என்னையும் கலாவின் தங்கை கஜானியையும் பக்கத்தில் கூப்பிட்டு நிற்பாட்டிச் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"ஐயா, இவவுக்கு எல்லாம் விளங்கும். ஆனால் விழுங்கேலாது. வாயாலை ஒரு சொட்டுத் தண்ணியும் குடுக்கப்படாது. குடுத்தால் வயித்துக்குப் போகாது, நேரே நெஞ்சுக்குள்ளை சுவாசப்பைக்குத்தான் போகும். சாப்பாடு, மருந்து எல்லாம் குழாயாலைதான்."

"ஓம்" என்றேன். விளங்கவில்லை என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். நன்றாக விளங்கியது.

கஜானி கொடிகாமத்திலிருந்து வந்து எங்களோடு தங்கினாள். அக்காவைத் துடைத்து, திருப்பிப் படுக்கவைத்து, கஞ்சியை வடித்துக் குழாயால் விட்டு, எல்லாம் அவள்தான் பார்த்தாள். நல்ல பிள்ளை. கலாவின் கட்டிலைக் குசினி வாசலுக்கு நேரே போடச் சொன்னது நான். நான் அடுப்பில் நிற்பது தெரிந்தால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்றேன். கஜானிக்கு அதைக் கேட்டுக் கண்கலங்கிவிட்டது.

கொஞ்சநாள் நான் சமைக்கவே இல்லை. பங்குனி முடிவில் பாரிஸிலிருந்து ஒரு குடும்பம் வருவதாகச் சொல்லி, அக்காவுக்குச் சுகமில்லாவிட்டால் பரவாயில்லை, பிறகு பார்ப்போம் என்று எழுதியிருந்தார்கள். வாருங்கள் என்று பதில் போட்டேன். மீன் சொதி, முருங்கையிலை வறை, கத்தரிக்காய்க் குழம்பு. கஜானியைக் கோயிலுக்கு அனுப்பினேன். சொதியை இறக்கி வைத்துவிட்டு உப்புச் சிரட்டையோடு நெடுநேரம் நின்றேன். எவ்வளவு போடுவது என்று கைக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். கலா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேக்கரண்டி நுனியில் தொட்டு அவளுடைய உதட்டில் தடவினேன். நாக்கு வெளியே வந்து துடைத்துக்கொண்டது. கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது என்றுதான் நான் கண்டேன். ஆனால் தடவினால் சூடுதான் தெரியும். உப்பும் புளியும் தெரிய வாய் நிறையவேண்டும். உங்களுக்கும் அது தெரிந்திருக்கும். அதனால் ஒரு கரண்டி கொடுத்தேன்.

பேச்சு இல்லாதபடியால் எங்களுக்குள் ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டோம். உதட்டை இறுக்கி மூடினால் உப்புக் கூட. கண்ணில் தண்ணீர் வந்தால் உறைப்புக் கூட. இடது கையால் கரண்டியைத் தள்ளினால் புளி கூட. பேசாமல் வாங்கிக்கொண்டால் எல்லாம் சரி. இந்த ஒழுங்கை நான் அவளுக்குப் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாக விளக்கிச் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. தலையை ஆட்டினாளா என்று கேட்கிறீர்கள். அந்த நேரம் அவளால் தலையைச் சரியாக ஆட்ட முடியாது.

பாரிஸ் குடும்பம் சாப்பிட்டு முடித்து ஒரு நிமிடம் பேசாமல் இருந்தது.

அதன்பின் சமையல் நாட்களில் கஜானிக்கு வெளியில் ஏதாவது வேலை வைத்தேன். சந்தை, மருந்துக்கடை, கோயில். கலாவுக்கு இடையிடையே புரைக்கேறும். மூச்சு இழுபட்டு முகம் சிவந்துவிடும். தலையில் மெதுவாகத் தட்டி, "ஆரோ உன்னை நினைக்கினம், கலா" என்பேன். வெளிநாடுகளில் எத்தனையோ பேர் அவளை நினைத்துக்கொண்டுதானே இருப்பார்கள். துவாயால் வாயைத் துடைத்து, மறுபடியும் கரண்டியை எடுப்பேன். புளி பார்க்கும்போது கையைத் தட்டிச் சிந்திவிடுகிறாள் என்றபடியால், பிறகு பிறகு அந்த இடது கையை என் முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அழுத்தவில்லை.

வைகாசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று வார்ட்டில் வைத்தார்கள். அந்த டொக்டர் பிள்ளை திரும்பவும் கேட்டது.

"வாயாலை ஏதும் குடுத்தனீங்களோ?"

"இல்லை, டொக்டர்" என்றாள் கஜானி.

"இல்லை" என்றேன் நானும்.

அவள் சொன்னது உண்மை. நான் சொன்னது பொய். ஆனால் கலா தேறி வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்படியென்றால் பெரிய பாதிப்பு ஒன்றும் இல்லைத்தானே என்று எனக்குப் பட்டது.

ஆனியில் குருநகருக்கு நண்டு வாங்கப் போனபோது மரியநாயகி விசாரித்தாள். அவளிடம்தான் நான் நெடுங்காலமாக நண்டு வாங்குகிறேன். "அக்கா எப்பிடி, ஐயா?" என்றாள். அப்படியே இருக்கிறாள் என்றேன். "கவனம் ஐயா. எங்கடை அப்பாவும் பாரிசவாதத்திலைதான் கிடந்தவர். ஆசைக்கு ஒரு வாய் எண்டு அம்மா சொதி பருக்கினவ. அது நெஞ்சிலை போய்த்தான் முடிஞ்சவர். அம்மா இண்டைக்கும் சொதி வைக்கிறேல்லை" என்றாள். நண்டைச் சாக்கில் கட்டித் தந்துவிட்டு, தன் பங்குக் கோயிலில் அக்காவுக்காக ஒரு மெழுகுதிரி ஏற்றுவதாகவும் சொன்னாள்.

திரும்பி வரும் வழி முழுக்க அதை யோசித்தேன். சொதியில் மீன் தூள் கிடந்திருக்கும், அவர்கள் வடித்திருக்கமாட்டார்கள் என்று எனக்குப் பட்டது. அன்றிலிருந்து நான் எல்லாவற்றையும் துணியில் வடித்துத்தான் கொடுத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கவனமில்லாமல் செய்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது.

கஜானியைக் கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கஜானிக்கு உறைப்பு ஒன்றுதான் தெரியும். அதோடு, அவளைக் கேட்டால் என் நாக்குச் செத்துப்போன கதை கொடிகாமம் முழுக்கத் தெரிந்துவிடும். சமைப்பதை விட்டிருக்கலாமே என்கிறீர்கள். விட்டிருக்கலாம். விட்டால் நான் அந்த வீட்டில் என்ன செய்வது?

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் எங்கள் வீடுகளில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் காய்ச்சுவதில்லை. கொடி இறங்கியதும் வெளிநாட்டுக்காரருக்கு நண்டு ஞாபகம் வந்துவிடும். ரொறன்ரோவிலிருந்து ஒரு பெரிய குழு, கூழ் குடிக்க வருகிறோம் என்றது. அதில் ஒருவர் சமையல் காணொளி போடுகிறவர். என்னைவிடப் பல மடங்கு ஆட்கள் அவரைப் பார்க்கிறார்கள். ஒடியல் மாவை முதல் நாளே ஊறப்போட்டுக் கசப்புத் தண்ணீரை ஊற்றினேன். நண்டு, இறால், கணவாய், பயத்தங்காய், மரவள்ளி, செத்தல் மிளகாய்க் கூட்டு, பழப்புளி எல்லாம் தயாராக இருந்தன. பலாக்கொட்டை இல்லை என்று கஜானியைக் கொடிகாமத்துக்கு அனுப்பினேன். பலாக்கொட்டை இருந்தது. அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

அவர்கள் வந்தார்கள், முற்றத்தில் இருந்து பனையோலைப் பிளாவில் கூழ் குடித்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். கஜானி திரும்பி வந்தபோது கலாவின் நெஞ்சு கரகரவென்று இழுத்துக்கொண்டிருந்தது. அம்புலன்ஸ் வந்தது. இந்தத் தடவை அவள் தேறவில்லை. டொக்டர் பிள்ளை வெளியே வந்து சொன்னபோது கஜானி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தேன். தேனையும் வேப்பம்பூவையும் வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தது போலத்தான் அதுவும். வரவில்லை. இப்போதும் வரவில்லை.

வாயால் ஏதும் கொடுத்தீர்களா என்று இந்தத் தடவை ஒருவரும் கேட்கவில்லை. நோயாளி, முன்பும் நெஞ்சுச்சளி வந்தவள். கோம்பயன் மணல் சுடலையில் எரித்தோம்.

எட்டாம் நாள், எட்டுச் செலவுக்கு, செத்தவருக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். மீன், நண்டு, எல்லாம் இருக்கலாம். கலாவுக்குக் கூழ் விருப்பம் என்றபடியால் நானே காய்ச்சுகிறேன் என்றேன். சொந்தக்காரர் எல்லாரும் அதைப் பெரிய விடயமாகக் கதைத்தார்கள். படைப்பதற்கு முன் யாரும் உப்புப் பார்க்கக்கூடாது. செத்தவர்தான் முதலில் சாப்பிடவேண்டும். ஆகவே அன்றைக்கு நான் உப்புப் பார்க்காததில் ஒருவருக்கும் புதினம் இல்லை. உப்பைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

படத்துக்கு முன்னால் வாழையிலையில் எல்லாவற்றையும் வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். பிறகு திறந்து, எல்லாருக்கும் பிளாவில் ஊற்றிக் கொடுத்தேன். எனக்கும் ஊற்றி, ஒரு கரையில் ஒதுங்கி இருந்து குடித்து முடித்தேன். சூடு பதமாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது மற்றவர்கள் எல்லாரும் பிளாவைக் கீழே வைத்துவிட்டு இருந்தார்கள். சிலர் வேலியோரம் போய்த் துப்பிக்கொண்டிருந்தார்கள். கஜானி மட்டும் அசையாமல் என் வெறும் பிளாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அத்தான், இது உப்புக் கரிக்குது. வாயிலை வைக்கேலாது" என்றாள். "நீங்கள் முழுக்கக் குடிச்சிட்டியள்."

நான் பிளாவைக் கீழே வைத்தேன்.

"உங்களுக்கு உப்புத் தெரியேல்லையோ?"

"இல்லை."

"எப்ப தொட்டு?"

"காய்ச்சலுக்குப் பிறகு."

அவள் கெட்டிக்காரி. கணக்குப் பார்க்க அவளுக்கு நேரம் எடுக்கவில்லை. அவள் முகம் வெளிறிப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப இவ்வளவு நாளும் வந்த சனத்துக்குக் காய்ச்சினதுக்கெல்லாம் ஆர் உப்புப் பாத்தது, அத்தான்?"

"கொக்காதான்" என்றேன்.

வேறு என்ன சொல்வது. அவளுடைய அக்காதானே பார்த்தாள்.

அவள் என்னை அடிக்கவில்லை. கத்தவும் இல்லை. உள்ளே போய்ப் படையலில் இருந்த கூழை எடுத்து வந்து கிணற்றடி வாழைக்குள் ஊற்றினாள். பிறகு நேரே பொலிஸுக்கு, உங்களிடம்தான் வந்திருக்கிறாள்.

உடம்பு இல்லை, சாட்சி இல்லை, நான் இல்லையென்று சொன்னால் இந்த வழக்கு நிற்காது என்று என் பக்கத்து ஆட்கள் சொன்னார்கள். இருக்கலாம். ஆனாலும் சொல்கிறேன். ஓம், நான்தான் கொடுத்தேன். கொடுக்கக்கூடாது என்று தெரிந்து கொடுத்தேன். டொக்டர் சொன்ன பிறகும், மரியநாயகி சொன்ன பிறகும், ஒருமுறை காய்ச்சல் வந்து தேறிய பிறகும் கொடுத்தேன். அதில் செத்தாள். இதை நான் சொல்வதற்கு ஒரே காரணம் அந்த ரொறன்ரோக்காரரின் காணொளிதான். அதில் அவர் என் கூழைப் பற்றிச் சொன்னதை எத்தனையோ ஆயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். அது என் கைப்பிழை இல்லை என்பது எங்காவது எழுத்தில் இருக்கவேண்டும்.

அன்றைக்கு நடந்தது இதுதான். உப்பைக் கடைசியில்தான் போட்டேன், வழமையான அளவுதான் போட்டேன். வடித்து எடுத்துக்கொண்டு கட்டிலடிக்குப் போனேன். கலா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். உப்புக் கூடிவிட்டது என்று விளங்கிக்கொண்டு கூழுக்குச் சுடுதண்ணீர் விட்டேன். மறுபடியும் கொண்டுபோனேன். மறுபடியும் மூடினாள். பல்லை அவ்வளவு இறுக்கிக் கடித்து நான் ஒருநாளும் கண்டதில்லை. இன்னும் தண்ணீர் விட்டேன். இப்படிப் பலதரம் போய் வந்தேன். ஒவ்வொரு தரமும் தாடையைப் பிடித்துத் திறந்து ஒரு கரண்டி விட்டுத்தான் பார்த்தேன், ஏனென்றால் பார்க்காமல் சொல்லமுடியாதுதானே. கடைசித் தரம் அவள் வாயை மூடவில்லை. கையும் தள்ளவில்லை. கண் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது, முன்பெல்லாம் ருசி பார்க்கும்போது பார்க்கிற மாதிரி. சரியாகிவிட்டது என்று அடுப்பை அணைத்தேன்.

வந்தவர்கள் ஒருவாய் குடித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு பெண், "அங்கிள், கொஞ்சம் உப்புத் தருவீங்களா?" என்று கேட்டாள். கூழ் வெறும் தண்ணீராக இருக்கிறது, உப்பே இல்லை என்று அந்த ரொறன்ரோக்காரர் காணொளியில் சொல்கிறார். உப்புச் சிரட்டையை முற்றத்துக்குக் கொண்டுபோய் நானே கையால் கொடுத்தேன். என் வீட்டில் விருந்தாளி உப்புக் கேட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. அதை மனதில் வைத்துத்தான் எட்டுக்கு உப்பைத் தாராளமாகப் போட்டேன்.

இத்தனை வருடத்தில் கலா உப்பில் ஒருநாளும் பிழை விட்டவள் இல்லை. அன்றைக்கு ஒருநாள் மட்டும் அவளுக்கு நாக்குத் தவறிவிட்டது. அதற்காக நான் அவளோடு கோபிக்கவில்லை, ஐயா.